லட்சுமியின் தோள்

ஊரார் யார் வேண்டுமானாலும் வந்து படம் எழுதலாம் என்று தளவாய் ஓவியர் தொடங்கிய சித்திரக்கூடத்துக்கு, குற்றாலம் சாலையில் புதுக் கட்டடம் எழும்பியிருந்தது. திறப்பு விழாவுக்கு வில்வண்டிகள் வந்து நின்றன. பார்க்கத்தான் அவர் இல்லை. போன ஆடியில் இறந்துவிட்டார்.

உள்ளே லட்சுமி படத்துக்குக் குங்குமம் வைக்க வந்த வள்ளித்தாய், ஓவியரின் மனைவி முப்பிடாதியம்மாளைப் பார்த்ததும் தயங்கினாள்.

"கோவிச்சுக்கிடாதீங்க அக்கா. நல்ல காரியம் நடக்குது. கொஞ்சம் பின்னால நில்லுங்க."

"அதுக்கென்ன வள்ளி, நீ செய்யி."

வெள்ளைச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் பின்கதவோரம் போனாள்.

வள்ளித்தாய் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற ஓவியரின் சீடனிடம் திரும்பினாள். "ஏலே சங்கரபாண்டி, நீ எழுதினதுதானே? முகம் உயிரோட இருக்குலே. ஆனா லட்சுமிக்கு எதுக்கு இடது தோள் இறங்கியிருக்கு? யாரைப் பாத்து எழுதின?"

"மனசுல தோணுனதுதான் மயினி."

அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று ஓவியர் சீடர்களிடம் சத்தியம் வாங்கியிருந்தார். பார்த்து எழுதுவதற்கு எதிரே வந்து உட்கார ஊரில் ஒரு பெண்ணும் சம்மதிக்காத காலம் அது. அப்படியும் வந்து உட்கார்ந்த ஒரே ஒருத்தியை ஊர் கேவலமாகப் பேசிவிடுமோ என்று பயந்தார்.

வள்ளித்தாய் படத்தின் நெற்றியில் குங்குமம் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இப்போதாவது சொல்லிவிடலாமா என்று சங்கரபாண்டி பின்கதவைப் பார்த்தான். தண்ணீர்க் குடம் சுமந்து இறங்கிப்போன இடது தோளைக் கதவில் சாய்த்தபடி, முப்பிடாதியம்மாள் வேண்டாம் என்று தலையசைத்தாள். அவள் விரல்கள் வெறும் நெற்றியில் இருந்தன.