புதையாத வீடு

தேயிலை நிறுக்கும் கொட்டகையில்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். கூடையை வரிசையில் வைத்துவிட்டு அங்கே நின்றபடிதான் லோகேஸ்வரி ஊர் பேர் தெரியாதவர்களோடு ஃபேஸ்புக்கில் மல்லுக்கு நிற்பாள். தடுப்பூசியோ தேர்தலோ, எதையும் விடமாட்டாள்.

அன்றைக்கு முகப்படம் இல்லாத ஒருவன் எழுதியிருந்தான். மலையை வெட்டினால் மண் சரியும் என்பதெல்லாம் அரசியல் புரளியாம். அவள் எஸ்டேட்டில் எந்த வீடும் புதையவே இல்லையாம்.

லோகேஸ்வரியின் அக்கா போன வருஷம் வீட்டோடு அந்த மண்ணுக்குள்தான் போனாள்.

"விடு லோகா. மூஞ்சியக் காட்டாதவன்கிட்ட என்னா பேச்சு?" என்றாள் பக்கத்தில் நின்ற பார்வதி.

"விட்டா அவன் சொன்னதுதான் நிக்கும்" என்று சொல்லிவிட்டு, ஆதாரம் கேட்டு எழுதினாள்.

படம் வந்தது. அக்காவின் வீடு முழுசாக நின்றது. கூரைக்கு மேல் அடுப்புப் புகை. வீட்டுக்குப் பின்னால், போன மாதம்தான் நட்ட, இன்னும் வேலை செய்யாத போன் டவர்.

லோகேஸ்வரி எதிர்ச்சரிவைப் பார்த்தாள். டவர் இருந்தது. அதற்குக் கீழே வெறும் செம்மண்.

திரும்பவும் எழுதினாள்: "அந்தக் கதவத் தட்டு."

"தட்டிட்டேன். யாருன்னு கேக்குறாங்க."

பார்வதி போனைப் பிடுங்க வந்தாள். லோகேஸ்வரி அவளைத் தோளால் தள்ளினாள்.

"தங்கச்சி லோகான்னு சொல்லு. மண்ணு வந்துச்சா இல்லியான்னு அவகிட்டயே கேளு."

தராசடியில் எடை குறிக்கும் கிராணி அவள் பெயரைக் கூப்பிட்டார். அவள் நகரவில்லை.

பதில் வந்தது.

"வந்துச்சாம்."