பக்கத்துச் சீட்

தன் புருஷன் சுரேந்திரனின் கையைப் பிடித்துக்கொண்டு துஷ்யந்தி அழுததை இலட்சுமி கண்ணாலேயே பார்த்துவிட்டாள். நேற்று அந்தியில், லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால், துஷ்யந்தி கொண்டுவந்த வீட்டு வேனின் மறைவில். அவனும் சும்மா நிற்கவில்லை. சாரத்து நுனியால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டான்.

துஷ்யந்தி அவனுக்கு அத்தை மகள், உரிமையுள்ள முறைப்பெண். லண்டன் மாப்பிள்ளை வந்ததும் அவள் பறந்துவிட்டாள்; இல்லாவிட்டால் இலட்சுமியின் இடத்தில் இன்றைக்கு அவள்தான் இருந்திருப்பாள். நீறு பூத்த நெருப்பை யார் நம்புவது?

இத்தனை வருடம் கழித்து வந்தவள் சும்மாவா வந்தாள்? நீர்கொழும்பில் வாடகைக்கு எடுத்து, ஒரு வீட்டையே சக்கரத்தில் ஏற்றி தெஹியோவிட்டத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். உள்ளே கட்டில், அடுப்பு, கை கழுவத் தொட்டி. ஐந்து பேர் முடங்கிக் கிடக்கும் இலட்சுமியின் ஒற்றையறைக் காம்பராவில் இதில் பாதி வசதி கிடையாது. அவளுக்கு வயிறு எரிந்தது.

இன்று இரத்தினபுரிக்கு ஒரு சுற்றுப் போய்வரலாம் என்றார்கள். மூத்த பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். கடைக்குட்டி நிரோஷாவைத் தூக்கிக்கொண்டு ஏறிய இலட்சுமி, நேரே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அதுல இருக்க வேணாம்," என்றான் துஷ்யந்தியின் கணவன் யோகராஜ். "வண்டி நின்னாத்தான் அது கட்டில். ஓடுறப்ப எல்லாரும் பெல்ட் உள்ள சீட்லதான் இருக்கணும்."

"படுக்கக் கூடாத கட்டில என்னத்துக்குத் தூக்கிக்கிட்டுத் திரியிறீங்க?"

யோகராஜ் சிரித்தான். ஓட்டுபவன் பக்கத்தில் ஒரு சீட், அதற்கு நேர் பின்னால் ஒன்று. எதிர்ப்பக்கம் இரண்டு, அதில் ஒன்றில் குழந்தைகளுக்கான குட்டி நாற்காலியை இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

"இது வேன்காரன் தந்தது இல்லக்கா. நாங்களே லண்டன்ல இருந்து கொண்டாந்தது."

நாற்காலியில்கூடப் பீற்றிக்கொள்ள வேண்டுமா என்று இலட்சுமி உதட்டைச் சுழித்தாள்.

"மச்சான் பின்னுக்கு எங்களோட இருக்கட்டும்," என்றாள் துஷ்யந்தி. "அக்கா, நீங்க முன்னுக்குப் போங்க. பாத நல்லாத் தெரியும்."

அப்படியா சேதி! புருஷனை முந்தானையில் முடிந்துகொள்ளாத குறையாக இருந்த இலட்சுமி விடுவாளா?

"முன்னுக்கு இருந்தா எனக்குத் தல சுத்தும். அவரு போகட்டும்."

"ஹரி, ஹரி, சரிதான். எங்கயாச்சும் ஏறுங்க," என்று சுரேந்திரன் முன்னால் போனான். அவன் முதுகுக்குப் பின்னாலேயே இலட்சுமி உட்கார்ந்துகொண்டாள். எதிர்ப்பக்கம் துஷ்யந்தியும் நிரோஷாவும். ஜெயித்துவிட்ட திருப்தி இலட்சுமிக்கு.

அந்தத் திருப்தியும் பெல்ட் போடும்வரைதான். பிள்ளை பெறாத துஷ்யந்தியின் கொடியிடைக்கு அது ஒரே இழுப்பில் பூட்டிக்கொண்டது. மூன்று பெற்ற இலட்சுமிதான் இழுத்து இழுத்துத் தளர்த்த வேண்டியிருந்தது.

நிரோஷாவின் வாரையும் துஷ்யந்தியே பூட்டினாள். அளவெடுத்துத் தைத்த சட்டைபோல அது குழந்தைக்குப் பொருந்தியது.

"நோவுதாடா, தங்கம்?"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். பிள்ளையைக் கொஞ்சி அப்பனை வளைக்கிறாள் என்று இலட்சுமி பல்லைக் கடித்தாள்.

அவிசாவளை தாண்டியதும் துஷ்யந்தி பிஸ்கட் ஊட்டினாள், தலை கோதினாள், காதுக்குள் ஏதோ பாடினாள். நிரோஷாவும் தாயொருத்தி அங்கே இருப்பதையே மறந்து சிரித்தாள். சுரேந்திரன் திரும்பித் திரும்பி அந்தப் பக்கமே பார்த்தான். பின்னால் கல்லுப்போல் உட்கார்ந்திருந்த பெண்டாட்டி அவன் கண்ணில் படவே இல்லை.

எஹலியகொடையில் மறுபடி திரும்பினான். கண் சிவந்து, கலங்கியிருந்தது. யாருக்காக இந்தக் கண்ணீர்? இலட்சுமி பெல்ட்டின் பொத்தானை அமுக்கிவிட்டு எழுந்தாள்.

"அக்கா, எழும்பாதீங்க!" என்று யோகராஜ் கத்தினான். அந்த நேரம் பார்த்து முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. அவன் பிரேக்கை மிதித்த வேகத்தில் இலட்சுமி அடுப்பு மேடையில் மோதிக் கீழே விழுந்தாள்.

வேன் ஓரங்கட்டி நின்றது. "ஐயோ!" என்று பதறித் திரும்பிய சுரேந்திரன் முதலில் பார்த்தது எதிர்ப்பக்கத்தைத்தான். அங்கே யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. வாரில் பத்திரமாக இருந்த நிரோஷா துஷ்யந்தியின் விரலைப் பிடித்துக்கொண்டு முழித்தாள்.

விழுந்தவளைத் தூக்குவதற்கு முன்னால் அவளைப் பார்க்கிறானே! முழங்கை வலியெல்லாம் இலட்சுமிக்கு எங்கேயோ போய்விட்டது.

"போதும்டி ஒன் நடிப்பு!" என்று தரையிலிருந்தபடியே கத்தினாள். "நேத்து கையப் புடிச்சு அழுததயும் பாத்தேன், இப்ப இந்தாளு முழிக்கிற முழியயும் பாக்குறேன். காசு இருக்கு, லண்டன் இருக்கு, வீட்டக்கூட சக்கரத்துல வச்சிருக்க. எங்கிட்ட இருக்கிறது ஒரு புருஷன். அவனயும் தூக்கிக்கிட்டுப் போகவா வந்த?"

துஷ்யந்தியின் முகம் வெளுத்துப் போயிற்று.

"மச்சானையா?" என்றாள். "அவரு எனக்கு எதுக்குக்கா?"

பிறகு மெல்ல முன்சீட்டைப் பார்த்தாள். இவ்வளவு தூரம் ஓயாமல் திரும்பிக்கொண்டிருந்த சுரேந்திரன் இப்போது திரும்பவில்லை. குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது.

"நிரோஷாவ எனக்குத் தர அக்காவுக்கும் சம்மதம்னு சொன்னீங்களே, மச்சான்!"