பதினெட்டு யூனிட்

“அந்த மூணாவது ஆளு யாரு? பேரைச் சொல்லு. இல்லன்னா ஒண்ணாந்தேதி சாவியைக் குடுத்துட்டுக் கெளம்பு.”

ஜோஸ்லின் வாசலிலேயே நின்று கேட்டாள். கையில் நோட்டு, காதிடுக்கில் பேனா.

கம்பெனி பஸ்ஸிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்திருந்த நம்பிராஜனும் வனமாமலையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சுங்குவார்சத்திரத்தில் வரிசையாக ஐந்து ரூம் அவளுக்கு. குடியிருப்பது மூன்று கிலோமீட்டர் தள்ளி, கிராமத்தில். ‘வாடகையிலேயே கரண்ட்டும் சேர்த்தி’ என்று ஏதோ நல்ல மனநிலையில் சொல்லிவிட்டு, அன்றைக்கே நிம்மதியைத் தொலைத்தவள். இப்போது ரூமுக்கு ஒரு சின்ன மீட்டர் மாட்டி, மாதத்துக்கு ஒருமுறை வந்து எழுதிக்கொண்டு போகிறாள்.

“மூணாவது ஆளா? நாங்க ரெண்டு பேருதாங்க்கா இருக்கோம்” என்றான் வனமாமலை.

“இரு, கணக்கைக் கேளு. உங்க ஃபேன் பழைய ஃபேன். ராத்திரி பத்து மணி நேரம் ஓடுனா முக்கா யூனிட். சோறு குக்கர்ல அரை மணி நேரம், கால் யூனிட். லைட்டு, ரெண்டு போனு, எல்லாம் தாராளமாவே போட்டுக்கினேன். மாசத்துக்கு முப்பத்தி நாலு யூனிட் வரணும். மீட்டர்ல இன்னா கீது? அம்பத்திரண்டு. மிச்சம் பதினெட்டு எங்க போச்சு?”

நம்பிராஜன் மீட்டரைப் பார்த்தான். அது சிவப்புப் பொட்டை மினுக்கிக்கொண்டு தன் வேலையைச் செய்தது.

“நானே சொல்றேன். பதினெட்டு யூனிட்டுன்னா இந்த ஃபேன் எரநூத்தி நாப்பது மணி நேரம் சுத்தணும். ஞாயித்துக்கிழமைய வுட்டுட்டா இருவத்தாறு நாளு. நாளுக்கு ஒம்போது மணி நேரம். காலைல ரூமைப் பூட்டிகினு நீங்க ரெண்டு பேரும் கெளம்பிடறீங்க. அப்புறம் யாருக்குக் காத்து?”

படித்தது பத்தாம் வகுப்பு என்றாலும், யூனிட் விஷயத்தில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது.

“நைட் ஷிஃப்ட்காரன் எவனையோ பகல்ல படுக்க வுட்டுருக்கீங்க. ராத்திரி நீங்க, பகல்ல அவன். ஒரு ரூமை ரெண்டு ஷிஃப்ட்டுக்கு ஓட்டறீங்க. இந்த வித்தை எனக்குத் தெரியாதா? போன வருசம் ரெண்டாம் நம்பர் ரூம்ல பாத்தவதான் நானு.”

நம்பிராஜன் வாயைத் திறந்தான். வனமாமலை முந்திக்கொண்டான்.

“தப்பு எம்மேலதாங்க்கா. பஸ்ஸப் பிடிக்கிற அவசரத்துல ஃபேனை ஆஃப் பண்ண மறந்துருதேன்.”

“இருவத்தாறு நாளுமா?”

“ஆமாக்கா. மறதி.”

“நாள் தவறாம மறக்கறதுக்கு ரொம்ப ஞாபகசக்தி வேணுமே தம்பி!”

வனமாமலைக்குக் காது சிவந்தது. கம்பெனி பஸ் தெருமுனையிலேயே நிற்கிற இந்த ரூமுக்கு எப்போதும் நாலு பேர் காத்திருப்பார்கள். இதை விட்டால் தினமும் விடிவதற்கு முன் எழுந்து நடக்க வேண்டும். பேரைச் சொல்லிவிட்டால் ரூம் தங்கும். நம்பிராஜன் கண்ணாலேயே கெஞ்சினான். வனமாமலை தலையை ஆட்டி மறுத்துவிட்டான்.

“யாருமே இல்லங்க்கா. எங்கள நம்புங்க.”

“மீட்டர் பொய் சொல்லாது. ஒண்ணாந்தேதி காலி பண்ணிடுங்க.”

வெளியே பைக் வந்து நின்றது. ஜோஸ்லினின் கணவர் டென்னிஸ் இறங்கினார். நீலக் கம்பெனிச் சட்டை, தோளில் டிபன் பை. கம்பெனி விடும் நேரம்; அவளைக் கூட்டிப் போக வந்திருந்தார்.

“வாங்க, நீங்களே கேளுங்க. ஆளில்லாத ரூம்ல நாளுக்கு ஒம்போது மணி நேரம் ஃபேன் ஓடியிருக்குது. கேட்டா மறதியாம்!”

டென்னிஸ் பையன்களைப் பார்த்தார். பிறகு ஃபேனைப் பார்த்தார்.

“வுடும்மா. புள்ளைங்கதானே. அப்பா அம்மாவ வுட்டுட்டுப் பொழைக்க வந்துருக்குதுங்க.”

“புள்ளைங்களா? உங்க இரக்கத்துல அஞ்சு ரூமும் தர்ம சத்திரம் ஆயிடும். தம்பிங்களா, இவரைப் பாத்துக் கத்துக்குங்க. காலைல வேலைக்குக் கெளம்பறப்போ வூட்டுல ஒரு சுவிட்ச் பாக்கியில்லாம அணைச்சிட்டுத்தான் செருப்பையே மாட்டுவாரு.”

சொல்லும்போது அவள் குரலில் பெருமை வழிந்தது. டென்னிஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

“இன்னும் ஒரு மாசம் பாக்கலாம்மா. எனக்காக” என்றார் மெதுவாக.

கணவர் இப்படிக் கேட்டு அவள் மறுத்ததில்லை. நோட்டை மூடினாள்.

“சரி, இவருக்காக ஒரே ஒரு மாசம். அடுத்த தபா முப்பத்தி நாலு யூனிட்டைத் தாண்டிச்சு, பேச்சே கெடையாது. நீங்க வண்டிய எடுங்க, நான் அஞ்சாம் நம்பர் மீட்டரைப் பாத்துட்டு வந்துடறேன்.”

பக்கத்து ரூம் கதவை அவள் தட்டும் சத்தம் கேட்டது. டென்னிஸ் மட்டும் போகாமல் அங்கேயே நின்றார். வனமாமலையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என் பேரைச் சொல்லாம வுட்டியே, நீ நல்லா இருப்பே தம்பி. கம்பெனியில என்னை வேலைய வுட்டு நிறுத்தி ஒரு மாசமாச்சுன்னு வூட்டுல சொல்ற தைரியம் இன்னும் வரல. நாளையிலேருந்து பகல்ல ஃபேன் போடாமலே படுத்துக்கறேன்.”