பதினேழாவது கையெழுத்து

காகிதம் வீணாவின் மேசைக்கு வந்தபோது அதில் பதினாறு கையெழுத்துகள் இருந்தன.

"நீ ஒருத்திதான் பாக்கி. பொம்பளைங்க எல்லாரும் போட்டாதான் மேனேஜர் மஞ்சுநாத் சார் மேல அனுப்புவாராம். சும்மா எதுக்கு லேட் பண்ற?" என்றாள் ஜூலியா, பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டியபடி.

வைட்ஃபீல்டில் ஆறாவது மாடி அலுவலகம். விமானத்தைத் தவறவிட்டவர்கள், பெட்டியைத் தொலைத்தவர்கள் அனுப்பும் புகார்களுக்கு, 'தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று நாள் முழுவதும் பதில் எழுதுகிற வேலை. வீணா அங்கே எட்டு வருடமாக இருக்கிறாள். ஊர் எது என்று கேட்டால் வேலூர்ப் பக்கம் என்பாள். அதற்குமேல் பேச்சை வளர்க்க மாட்டாள்.

சங்கமித்ரா சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. முதல் நாள் அறிமுகத்தில் அவளே எழுந்து நின்று, தான் ஒரு திருநங்கை என்று சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

அன்று மத்தியானம் அவள் பெண்கள் கழிப்பறைக்குள் நுழைந்ததும், கைதட்டியவர்களில் நான்கு பேர் கை கழுவாமலே வெளியே வந்தார்கள். அவளுக்கு வேறு கழிப்பறை ஒதுக்க வேண்டும் என்பதுதான் அந்தக் காகிதத்தில் இருந்த கோரிக்கை.

ஜூலியாவைக் குற்றம் சொல்லவும் முடியாது. போன வருடம் அதே கழிப்பறையில், குழாய் பழுதுபார்க்க வந்த ஒருவன் போனை ஒளித்துவைத்துப் படம் எடுத்தான். அந்தப் போனைக் கண்டெடுத்தவள் ஜூலியாதான். அதற்குப் பிறகு பல மாதம், விவேக் நகரில் வீடு போய்ச் சேரும்வரை அவள் அடக்கிக்கொண்டே இருந்தாள். அவளுடைய பயம் பொய்யில்லை. அதைக் கொண்டுபோய் இறக்கிவைத்த இடம்தான் தவறு.

வீணாவுக்கு அது தெரிந்திருந்தது.

மூன்று நாற்காலி தள்ளி சங்கமித்ரா குனிந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். காகிதம் கைமாறுவதை அவள் கவனிக்கவில்லை என்று வீணா நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுக்கலாம். கொடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். பதினாறு பேர் போட்டபின் நீ மட்டும் ஏன் போடவில்லை, உனக்கென்ன அவள்மேல் அப்படியொரு அக்கறை? அந்தக் கேள்விக்குப் பின்னால் வரப்போகும் பார்வையை நினைத்ததும் அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

போட்டாள்.

தன் பெயரை அவ்வளவு வேகமாக அவள் எழுதியதே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை உத்தரவு வந்தது. சங்கமித்ரா இனிமேல் கீழ்த்தளத்தில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறைக்குப் போக வேண்டும். சாவி காவலாளி வெங்கடசாமியிடம் இருக்கும். வந்து போகிறவர்கள் எல்லோரும் பார்க்க, ஒவ்வொரு முறையும் அவரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டு நாள் கேட்டு வாங்கினாள். மூன்றாவது நாளிலிருந்து கேட்கவில்லை.

தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள்.

வீணா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். காலையில் மேசைமேல் வைத்த பாட்டில், சாயங்காலம் அப்படியே நிரம்பியபடி பைக்குள் போகும். டீ வந்தால் வேண்டாமென்று தலையாட்டுவாள். சாப்பாட்டில் ரசத்தைக்கூடத் தொட மாட்டாள். உதடு வெடித்தது. பிறகு காய்ச்சல், சிறுநீரில் கிருமி, ஒரு வாரம் விடுப்பு. திரும்பி வந்தாள். மறுபடியும் காய்ச்சல். அடுத்த முறை வரும்போது ராஜினாமாக் கடிதத்தோடு வந்தாள்.

கடைசி நாளில் ஜூலியாதான் கேக் வாங்கி வந்தாள். உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லும்போது அவளால் சங்கமித்ராவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று மாலை வீணா ஏறிய லிஃப்டில், கதவு மூடப்போகும் நேரத்தில் சங்கமித்ராவும் வந்து ஏறினாள். வேறு யாரும் இல்லை.

மன்னிப்புக் கேட்க ஆறு மாடி போதும். இரண்டு மாதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம் வீணாவின் நாக்கு நுனிவரை வந்தது. நான்காவது மாடியில் யாரும் ஏறவில்லை. இரண்டாவதிலும் ஏறவில்லை. வீணா மாடி எண்கள் மாறுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதுவரை அவளை மேடம் என்றே கூப்பிட்டுவந்த சங்கமித்ரா, கதவு திறப்பதற்குச் சற்று முன்னால் தணிந்த குரலில் சொன்னாள்.

"பயப்படாதக்கா. நீ யாருன்னு இங்க ஒருத்தர்கிட்டயும் நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

வீணா நிமிர்வதற்குள் அவள் இறங்கி, வாசலைத் தாண்டி மெட்ரோ பக்கம் நடந்துவிட்டாள்.

மேலே போகிற கூட்டம் ஏறியது. இறங்க மறந்து வீணாவும் அவர்களோடு மறுபடி ஆறாவது மாடிக்குப் போனாள்.

அறிமுகத்தன்று எழுந்து நின்றவளை, நின்ற நொடியிலேயே வீணா அடையாளம் கண்டுகொண்டிருந்தாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில், திருநங்கைகளுக்கான அறுவை சிகிச்சை முடிந்து அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தவர்கள் அவர்கள் இருவரும். சங்கமித்ராவுக்கு அப்போது பத்தொன்பது வயது. சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்ட அன்று எழுந்து நடக்கப் பயந்து அழுதாள்.

அவளைத் தோளில் தாங்கிப் பெண்கள் கழிப்பறைவரை நடத்திக்கொண்டு போனவள் வீணாதான். கதவில் கைவைத்துத் தயங்கி நின்றவளிடம், "உள்ள போடி. இனிமே இது நம்ம இடம். வெளிய போன்னு யாரும் நம்மள சொல்ல முடியாது" என்று சொன்னவளும் அவள்தான்.