தலைமேல் கைகள்

அன்று ஆலயத்தில் இருந்தவர்கள்: பேராயர், பதினொரு குருமார், திருமண்டலச் செயலர், குருப்பட்டம் பெற மண்டியிட்டிருந்த ஆசீர், கடைசி பெஞ்சில் அவன் அப்பா வேதமுத்து, மற்றபடி சபையார். வேதமுத்துவும் குருவாக இருந்தவர்தான். தூக்குப் போட்டுக்கொண்ட ஒரு பெண்ணை, தற்கொலை செய்தவர்களுக்கு இடம் தராத சபைக் கல்லறையில் அடக்கம் செய்தார் என்று அவர் அங்கியைப் பறித்துவிட்டார்கள். பேராயர் ஆசீரின் தலையில் கை வைத்தார். முறைப்படி குருமாரும் சூழ்ந்து நின்று கை வைத்தார்கள். வேதமுத்து எழுந்து வந்தார்.

"ஐயா, குருமார் மட்டுந்தான் கை வைக்கணும்," என்று செயலர் மறித்தார்.

"எம் புள்ள பொறந்தன்னைக்கு மொதல்ல வச்ச கை இதுதாம்வே."

"வெளிய வாங்க. பேராயர் பட்டத்தையே நிறுத்திருவாரு."

ஆசீருக்கு எல்லாம் கேட்டது. அப்பாவும் வைக்கட்டும் என்று அவன் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏழு வருஷக் காத்திருப்பு போய்விடும். தலையை அழுத்திய கைகளின் கனத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் குனிந்தே இருந்தான்.

"சரி, அவன் முடிக்கட்டும்," என்றார் அப்பா. வெறுங்கால்கள் பக்கவாசலை நோக்கிப் போயின. பேராயர் ஜெபத்தைத் தொடங்கினார். சபையார் ஆமென் சொல்வதற்குள் அந்தக் கதவைச் சாத்தி, உள்பக்கமாகப் பூட்டிவிட்டார்கள்.