முதல் தாம்பூலம்

டக், டக், டக். இருட்டுக்குள் யாரோ நொண்டி நடப்பது போல ஒரு சத்தம். பழைய லேப்டாப்பின் ஓரத்தில் செருகியிருந்த பென்டிரைவுக்கு அது யாரென்று தெரியும். ஹார்ட் டிஸ்க் பெரியவர் எழுந்திருக்கப் பார்க்கிறார். இது ஏழாவது தடவை.

பெரியவரின் வயிற்றுக்குள் வீட்டுக்கார அம்மாளின் செத்துப்போன தங்கை பாடிய ஒரே பாட்டு இருந்தது. அவர் மொத்தமாக நின்றுபோவதற்குள் அதை வெளியே எடுக்கத்தான் பென்டிரைவ், லேப்டாப்பை எழுப்பக்கூடிய லினக்ஸைச் சுமந்துகொண்டு வந்திருந்தது.

வாசல் காக்கும் பயாஸ், யாரை முதலில் எழுப்புவதென்ற பட்டியலைப் பிரித்தது. "முதல் மரியாதை பெரியவருக்கு. இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றார் பெரியவர். நாலு டக். அப்புறம் திரை கறுத்துவிட்டது.

"யோவ், அவரால முடியலைன்னு உனக்குத் தெரியலையா?" என்று பென்டிரைவ் கத்தியது.

"இருக்கேன்னு சொல்றவரைத் தாண்டி உன்னைக் கூப்பிட முடியாது. அவர் பேசாம இருந்தா அடுத்த பேர் உன்னோடதுதான்."

பென்டிரைவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "ஐயா, கும்பிட்டுக் கேக்கறேன். ஒரே ஒரு தடவை வாயை மூடிக்கிட்டு இருங்க."

"பதினோரு வருஷமா முதல் தாம்பூலம் எனக்குத்தான்டா."

"வெத்தலையை நீங்களே வச்சுக்குங்க. அந்தப் பொண்ணு பாட்டு போயிடுமே!"

வீட்டுக்கார அம்மாள் மறுபடி பட்டனை அமுக்கினாள். பயாஸ் கூப்பிட்டது. ஒரு சத்தமும் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த பேரை வாசித்தது.

லினக்ஸ் உள்ளே போய் விளக்கேற்றியதும் பென்டிரைவ் மெதுவாகக் கேட்டது: "ஐயா, அந்தப் பாட்டு எந்த அறையில இருக்கு?"

பாட்டு இருக்கும் அறையைக் காட்ட, பெரியவர் சுற்ற ஆரம்பித்தார்.