ரேடியம் இருக்கா?

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, கையளவு கதைதான்.

நடுக்கடலில் மீன்கள் செத்து மிதந்தன. தொழிற்சாலைக் கழிவுதான் காரணம் என்றாள் ஆராய்ச்சிக்காரி. இன்றைக்குள் நிரூபிக்காவிட்டால் புகார் தள்ளுபடி.

"எங்க கழிவுக் குழாயை மூடி வருஷமாச்சும்மா," என்று விசாரணைக் கூடத்தில் சிரித்தார் முதலாளி.

கரைச் சேற்றிலிருந்து கடல்நீரில் கலக்கும் ஒருவகை ரேடியம் சில நாளில் அழிந்துவிடும். நடுக்கடலில் அது இருந்தால், கரைத் தண்ணீர் இப்போதுதான் அங்கே போயிருக்கிறது என்று பொருள். நீரைக் கேன்களில் எடுத்து அங்கேயே அளக்க ஓர் ஆள் படகில் போயிருந்தார். படகோட்டி ஆராய்ச்சிக்காரியின் கொழுந்தன். எல்லோர் காதிலும் விழும்படி வயர்லெஸ்ஸில் கூப்பிட்டாள்.

"தம்பி, கேன்ல ரேடியம் இருக்கா?"



"எல்லா கேன்லயும் ஜோரா இருக்கு அண்ணி!"

முதலாளி துள்ளி எழுந்தார். "போன வாரம்தானே திறந்தோம்! அதுக்குள்ள நடுக்கடலுக்கே போயிடுச்சா?" என்று உளறிவிட்டார். குழாயை மூட அங்கேயே உத்தரவானது.

அந்தியில் படகு வந்தது. டார்ச் பட்டதும் கேன்கள் பளபளத்தன.

"இருட்டுல தேட வேணாம்னு, சைக்கிளுக்கு ஒட்டுற ரேடியம் ஸ்டிக்கரை நானே ஒட்டினேன் அண்ணி!"

"அடப்பாவி! அப்போ தண்ணியை அளந்தது?"

"அளக்கிறவர் வாந்தி எடுத்துப் படுத்தவர், இன்னும் எழுந்திரிக்கலையே!"

உங்கள் வீட்டுக்கு வரும் தண்ணீர் என்றும் தெளிவாக இருக்கட்டும், குடும்பம் குளிர்ந்து வாழட்டும்.